தொண்டை கடைசியில்தான் விழிக்கும்

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. போன வாரம் லேப்ராஸ்கோபி மூலம் பித்தப்பையை அகற்றினார்கள். தியேட்டரிலிருந்து வந்ததும் என் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்டார். நர்ஸ் தராமல் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார். மனம் பொறுக்காத சித்தி பாட்டில் மூடியால் ஒரு மூடி ஊற்ற, அம்மாவுக்குப் புரை ஏறி நெடுநேரம் இருமல். பேசத் தெரிந்தவருக்கு விழுங்கத் தெரியாதா, டாக்டர்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: கொஞ்ச நேரத்துக்குத் தெரியாது, சகோதரி. அந்த நர்ஸ் வாங்கிய திட்டை இந்த மயக்க மருத்துவனும் பலமுறை வாங்கியிருக்கிறேன்.

விழுங்குவது சின்ன வேலையல்ல. குரல்வளை மேலெழும்ப வேண்டும், அதன் மூடி சாய வேண்டும், குரல் நாண்கள் ஒட்டிக்கொள்ள வேண்டும், மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும். ஒன்று பிந்தினாலும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இந்த அறுவை சிகிச்சைக்குத் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுப்போம். அதன் பிடி விடும்போது மூச்சை இயக்கும் உதரவிதானம் முந்திக்கொள்ளும்; தொண்டைத் தசைகள் பிந்தித்தான் மீளும். மூச்சு சீராக இருக்கும், பேச்சும் வரும்; விழுங்கல் மட்டும் தடுமாறும். இதற்காகவே மணிக்கட்டு நரம்பில் நான்கு மின்துடிப்புகள் கொடுத்துக் கட்டைவிரல் துள்ளுவதை அளக்கிறோம். நான்காவது துள்ளல் முதலாவதில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால், நன்றாக விழித்திருப்பவருக்கும் வாயில் விட்டது குரல்வளைப் பக்கம் நழுவலாம். மயக்க மருந்தின் மிச்சமும் மூச்சுக்காகத் தொண்டை வழியே வைத்த குழாய் உரசிய புண்ணும் வேறு சேர்ந்துகொள்ளும்.

உங்கள் சித்தியைப் போன்றவர்கள் எக்காலத்திலும் உண்டு. 1848இல் இங்கிலாந்தில், நியூகாசில் அருகே, ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். அவள் நிலை மோசமானதும் வாயில் தண்ணீரும் பிராந்தியும் விட்டார்கள். இறந்துபோனாள். குளோரோஃபார்ம் இதயத்தை நிறுத்தியதா, ஊற்றியது மூச்சை அடைத்ததா என்ற வாதம் பின்னாளிலும் ஓயவில்லை.

அம்மா இருமியது நல்லதே. இருமலே இல்லாமல் சத்தமின்றி உள்ளே இறங்குவதற்குத்தான் நான் பயப்படுவேன்.

அறுவைக்குப் பின் எல்லாருக்கும் ஆறு மணி நேரம் தண்ணீர் கூடாது என்ற பழைய கணக்கு இப்போது இல்லை. முழுத்தெளிவு வந்ததும், நர்ஸ் சரி என்ற பிறகு, சாய்த்து உட்காரவைத்து ஒரு ஸ்பூன் கொடுங்கள். இருமலோ, குரலில் களகளப்போ இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது காய்ச்சல், சளி, மூச்சிரைப்பு எதுவும் இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு மூடித் தண்ணீரையும் மறைக்காமல் சொல்லுங்கள். சித்தி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.