வக்கீல் வேண்டாம் பஞ்சவர்ணத்துக்கு

கேள்வி: மண்டபம் பக்கம் எங்கள் ஊர். பன்னிரண்டு வயதிலிருந்து நாவல் படிக்கிறேன். படித்து முடித்த பிறகும் ‘பொன்னியின் செல்வன்’ நந்தினி, பூங்குழலி, ‘மோகமுள்’ யமுனா, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ கங்கா இவர்களை என்னால் விட முடியவில்லை. ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்று அலசி எழுதியே மூன்று நோட்டுகள் நிரம்பிவிட்டன. இரண்டு வருடமாகச் சொந்தமாக ஒரு நாவலும் எழுதுகிறேன். கடலில் பாசி எடுக்கும் பஞ்சவர்ணம் என்ற பெண்ணின் கதை. அது நாற்பது பக்கத்தைத் தாண்டவில்லை. பஞ்சவர்ணத்தைப் பற்றி எனக்கு எல்லாமே தெரியும். ஆனாலும் அவள் எழுந்து நடமாட மறுக்கிறாள். படித்துப் பார்த்தால் நந்தினியின் சாயல் வேறு அடிக்கிறது. அடுத்தவர் படைத்த பாத்திரங்களை அலசுவதை நிறுத்தினால்தான் சொந்த எழுத்து வரும் என்கிறார் எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். நிறுத்திவிடட்டுமா? ஒரு நோட்டையும் நாவலின் மூன்று அத்தியாயங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் ஆசிரியர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் வலி ஓரிடத்தில் இருக்க, மருந்தை வேறிடத்தில் தடவச் சொல்கிறார்.

நீங்கள் அனுப்பிய நோட்டை ஒரே இரவில் படித்தேன். நாவலின் மூன்று அத்தியாயங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. இரண்டையும் ஒரே கை எழுதியதா என்று கேட்கத் தோன்றியது. நோட்டில் நந்தினிக்காக மல்லுக்கு நிற்கிறீர்கள். யமுனாவிடம் கோபித்துக்கொள்கிறீர்கள், பத்துப் பக்கம் தள்ளி அவளிடமே மன்னிப்புக் கேட்கிறீர்கள். படிக்கிற எனக்கும் சூடு ஏறுகிறது. நாவலிலோ பஞ்சவர்ணம் எவ்வளவு நல்லவள், ஏன் யாரோடும் ஒட்டுவதில்லை, அப்பா கடலோடு போனது அவள் மனத்தை எப்படி இறுக வைத்தது என்று பக்கத்துக்குப் பக்கம் விளக்கம். அவளை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்ற பதற்றம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. நோட்டில் நீங்கள் வாசகி. நாவலில் பஞ்சவர்ணத்தின் வக்கீலாகிவிட்டீர்கள்.

நந்தினிக்காக நாற்பது பக்கம் வாதாடினீர்களே, அதற்கு இடம் எங்கிருந்து கிடைத்தது? கல்கி விட்டுவைத்த இடம் அது. 1950இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த தொடர் ‘பொன்னியின் செல்வன்’. அத்தனை முடிச்சுகளைப் போட்டு அவிழ்த்த கை, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் சாவுக்கு யார் காரணம் என்பதை மட்டும் அடித்துச் சொல்லவில்லை. நந்தினியின் பிறப்பைப் பற்றிய ஐயத்தையும் முழுக்கத் தீர்த்துவைக்கவில்லை. எழுபது ஆண்டு கடந்தும் வாசகர்கள் அதற்காகச் சண்டை போடுகிறார்கள். அவள் உள்ளத்தில் இருப்பது இதுதான் என்று அவரே எழுதி முத்திரை குத்தியிருந்தால் நீங்கள் நோட்டு வாங்கியிருக்கவே மாட்டீர்கள். பஞ்சவர்ணத்துக்கு நீங்கள் செய்துகொண்டிருப்பது அதைத்தான். உங்கள் வாசகி செய்ய வேண்டிய வேலை முழுவதையும் நீங்களே செய்து முடித்துவிடுகிறீர்கள். அவளுக்கு அங்கே என்ன வேலை மிச்சம்?

அலசுவதும் எழுதுவதும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைக்காதீர்கள். நோட்டில் கங்காவைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். அவள் பிறந்த கதையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண், முன்பின் தெரியாதவனின் காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, விஷயத்தை அந்த வீட்டுக்குள்ளேயே புதைத்துவிடுகிறாள். அந்தத் தாய் செய்தது சரியா தவறா என்று தமிழ்நாடே பிளவுபட்டு வாதாடியது. நீங்கள் செய்கிற அதே அலசல்தான், பெரிய அளவில். அதற்கு ஜெயகாந்தன் நாவலாகவே ஒரு பதில் எழுதினார். அதில் ஒரே ஒரு செயலை மாற்றினார்: இந்தத் தாய் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிடுகிறாள். அந்த ஒரு கூச்சலிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ முழுவதும் கிளம்பியது. கங்காவின் தனிமை, அவளுடைய வேலை, அவள் பேச்சில் வந்த கூர்மை, அந்தக் காரோட்டியைத் தேடிக்கொண்டு போகிற பிடிவாதம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் அதற்குக் கிடைத்தது. அலசலைச் செயலாக்கத் தெரிந்ததால் அந்த நாவல் நமக்குக் கிடைத்தது. உங்கள் நோட்டில் ‘ஏன்’ என்று வருகிற இடங்களை எண்ணிப் பார்த்தேன், நூற்றுக்கு மேல். ‘மாறாக இப்படிச் செய்திருந்தால்?’ என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. அதைக் கேட்டுப் பழகுங்கள். பஞ்சவர்ணத்திடமும் அதையே கேளுங்கள்.

இப்போது உங்கள் நோட்டிலிருந்து சில வரிகளை எடுத்து இங்கே அச்சிடுகிறேன். பூங்குழலியைப் பற்றி எழுதிக்கொண்டே போகிறவர், நடுவில் தடம் மாறி எழுதியது இது:

“பூங்குழலிக்குக் கடல் என்றால் விளையாட்டு. என் அம்மாவுக்கு அப்படியில்லை. பாசிக்குப் போகிற நாள்களில் விடியுமுன் எழுந்து விரல் விரலாகத் துணி சுற்றிக்கொள்வாள். இடது கைக்கு அவளே சுற்றிக்கொள்வாள். வலது கையை என்னிடம் நீட்டுவாள். நான் போட்ட முடிச்சைப் பல்லால் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். படகில் ஏறும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டாள்.”

அடுத்த வரியிலேயே பூங்குழலிக்குத் திரும்பிவிட்டீர்கள். நான் திரும்பவில்லை. அம்மா ஏன் பேசவில்லை? பயமா, கோபமா, தூக்கக் கலக்கமா, அன்றைய எடையைப் பற்றிய கணக்கா? நீங்கள் சொல்லவில்லை. மகள் போட்ட முடிச்சை நம்பாத அந்தப் பல் மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது. இந்த வரிகளை எழுதும்போது நீங்கள் நாவல் எழுதுவதாக நினைக்கவில்லை. அம்மாவுக்காக வாதாடவும் இல்லை. பார்த்ததை எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். இதே அம்மாவின் மௌனத்தைத்தான் பஞ்சவர்ணத்துக்கும் கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே அதற்கு ஒன்றரைப் பக்கம் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒன்றரைப் பக்கத்தையும் அடித்துவிடுங்கள். துணி சுற்றுவதை வையுங்கள்.

நந்தினியின் சாயல் அடிக்கிறது என்று பயப்படுகிறீர்கள். சாயல் எல்லோருக்கும் விழும்; முதல் நாவலில் விழாமல் இருந்தால்தான் வியப்பு. அது குற்றமில்லை. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் பஞ்சவர்ணம் பாசி வியாபாரியைப் பார்த்து, “என் நெஞ்சில் எரியும் நெருப்பின் வெம்மையை நீ அறியமாட்டாய்” என்கிறாள். இது நந்தினியின் பழுவூர் அரண்மனையிலிருந்து இரவல் வந்த வாய். அந்த வியாபாரியிடம் அவள் முன்பணம் வாங்கியிருக்கிறாள் என்று நீங்களே முந்தின பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடன்பட்டவள் அவனிடம் நெருப்பைப் பற்றிப் பேசுவாளா? தராசைப் பார்ப்பாள். ஈரப் பாசிக்கும் காய்ந்த பாசிக்கும் அவன் கழிக்கிற கணக்கைப் பார்ப்பாள். சொல்ல நினைத்ததை விழுங்கிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். அவள் விழுங்கியது என்ன என்று நான் யோசித்துக்கொண்டே வீடு போய்ச் சேரட்டும்.

இன்னொன்றையும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மூன்று அத்தியாயத்திலும் “கடல் சீறியது”, “கடல் அமைதியாக இருந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கடல்? மண்டபத்துக்காரர் இதை எழுதலாமா? உங்களுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை வீசும்போது வடக்குக் கடல் கலங்கிக் கிடக்கும், தெற்குக் கடலில் தொழில் நடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது நிலைமை தலைகீழ். ஊருக்கு இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு, எங்கோ உள்நாட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர் மாதிரி வெறும் ‘கடல்’ என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘பாசி’ என்பதும் அப்படித்தான். மரிக்கொழுந்தா, கஞ்சிப்பாசியா, கட்டக்கோரையா? ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு, விலை வேறு, கையில் படுகிற விதமும் வேறு. உங்கள் அம்மாவுக்குத் தெரியும். பஞ்சவர்ணத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஒன்றை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். “காலம் மாறியது, தீவுகளுக்குப் போவது கடினமாயிற்று.” அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பவளப்பாறைகளையும் கடல்பசுக்களையும் காப்பாற்ற வந்த ஏற்பாடு, தேவையானதுதான். ஆனால் முயல் தீவுக்கும் மனோலித் தீவுக்கும் தாயும் பாட்டியும் போய்வந்ததைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, நேற்றுவரை பிழைப்பாக இருந்தது இன்று குற்றம் என்றாகிறது. தீவின் பக்கம் போகும் படகில் அவள் என்ன நினைத்தாள் என்று எழுதாதீர்கள். தூரத்தில் ரோந்துப் படகின் சத்தம் கேட்டதும் பையை என்ன செய்தாள் என்று எழுதுங்கள். நீருக்குள் விட்டாளா, காலுக்கடியில் மறைத்தாளா, பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிட்டாளா? மூன்றில் எதைச் செய்தாலும் அது ஒரு தனி நாவல். தோழியிடம் தள்ளிவிட்டிருந்தால் உங்களுக்கே அவளைப் பிடிக்காமல் போகலாம். போகட்டும். அந்த இடத்தில் அவளைக் காப்பாற்ற ஓடி வராதீர்கள். நந்தினி செய்ததெல்லாம் உங்களுக்குப் பிடித்தா அவளை இத்தனை வருடம் சுமக்கிறீர்கள்?

நோட்டுகளைப் பற்றி: எரிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, மீன் பெருகுவதற்காக. அந்த 61 நாளுக்கு நோட்டுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு நாவலை மட்டும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றாலும் இப்போது இருப்பதைவிட அதிகம். முடிந்ததும் நோட்டை எடுத்து, பஞ்சவர்ணத்தை யாரோ எழுதிய பாத்திரமாக நினைத்துக்கொண்டு, நந்தினியிடம் போட்ட அதே சண்டையை அவளிடமும் போடுங்கள். சண்டைக்கு இடமே கிடைக்காத பக்கங்களை மறுபடி எழுதுங்கள்.

எனக்கு அந்த மூன்று அத்தியாயங்களைத் திருத்தி அனுப்ப வேண்டாம். விரலில் துணி சுற்றுகிற அந்த விடியற்காலையில் தொடங்கி, சாயங்காலம் தராசடியில் கூடையை இறக்குகிறவரை, ஒரு நாளை மட்டும் எழுதி அனுப்புங்கள். அன்று எந்தக் காற்று, எந்தக் கடல் என்பதும் அதில் இருக்க வேண்டும். கவரின் மேல் ‘பஞ்சவர்ணம்’ என்று எழுதுங்கள். வந்த அன்றே பிரித்துப் படிக்கிறேன்.