முற்றுகை தொடங்கிய நாளுக்கு ஒரு நோன்பு

கேள்வி: டிசம்பர் 30ஆம் திகதி யூதர்களுக்கு நோன்பு நாள் என்று போன் கலண்டரில் கிடந்தது. கிறிஸ்மஸோடு சம்பந்தப்பட்டதா? எங்கள் விரதம் மாதிரியா, முஸ்லிம்களின் நோன்பு மாதிரியா?
– ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: கிறிஸ்மஸோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அது யூதக் கலண்டரில் தேபேத் என்னும் பத்தாம் மாதத்தின் பத்தாம் நாள். யூத மாதங்கள் பிறையோடு போகின்றன, ஆனால் பருவம் தப்பாமல் இருக்க 19 வருடத்தில் ஏழு தடவை ஒரு மாதம் கூட்டிக்கொள்வார்கள், அதனால் 2024இல் இந்த நோன்பு வரவே இல்லை, 2025இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று இரண்டு தடவை வந்தது.

வீட்டில் பைபிள் இருந்தால் இரண்டாம் இராஜாக்கள் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யூதா ராஜா சிதேக்கியா ஆண்ட ஒன்பதாம் வருடம், பத்தாம் மாதம் பத்தாம் திகதி, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் படையோடு வந்து எருசலேமைச் சுற்றி வளைத்தான். கி.மு. 588 அளவில். கவனியுங்கள், அன்றைக்கு மதிலில் ஒரு கல்கூட விழவில்லை. பஞ்சம் வந்ததும் மதில் உடைந்ததும் கோயில் எரிந்ததும் எல்லாம் பிறகு, மதிலுக்கும் கோயிலுக்கும் தனித்தனி நோன்பு நாட்கள் இருக்கின்றன. இது பாதை மூடப்பட்ட நாளுக்கான நோன்பு. எசேக்கியேல் தீர்க்கதரிசி அப்போது பாபிலோனில், பிடித்துக்கொண்டு போன சனத்தோடு இருக்கிறார், இந்த நாளின் திகதியை எழுதிவை என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. எனக்கு இந்த இடம்தான் பெரிதாகப் படுகிறது. எங்கள் ஊரிலும் சண்டைக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், ஷெல் விழுந்த நாளுக்கு முன்னால் பாதை பூட்டிய நாளில் இருந்துதானே கதையைத் தொடங்குகிறார்கள், அரிசி என்ன விலை, மண்ணெண்ணெய்க்கு எங்கே நின்றோம் என்று.

சரி, பிடிக்கிற முறை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு, கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம்கள் பிடிக்கிற நோன்புக்குத்தான் இது கிட்ட. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் இருந்து நட்சத்திரம் தெரியும்வரை சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாலும் பழமும் என்கிற கதை கிடையாது. ஆனால் வேலைக்குப் போகலாம், குளிக்கலாம், அதனால்தான் இதைச் சிறிய நோன்பு என்கிறார்கள், பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் என்றால் முதல் நாள் மாலையில் தொடங்கி 25 மணித்தியாலம். நோயாளிகள் பிடிப்பதில்லை, கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பெரும்பாலும் பிடிப்பதில்லை. குளிர்காலம் என்பதால் எருசலேமில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், இங்கே பிடித்தால் இன்னும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் தாங்க வேண்டும். வெள்ளிக்கிழமையில் வந்தாலும் தள்ளிப்போட மாட்டார்கள், அன்று மாலை தொடங்கும் சபாத் என்னும் ஓய்வு நாளுக்குள் பசியோடேயே போவார்கள்.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஹிட்லர் காலத்தில் கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதர்களில் எத்தனையோ பேர் எந்த நாளில் இறந்தார்கள் என்று வீட்டாருக்குத் தெரியாது. அவர்களுக்காக ‘கதிஷ்’ என்னும் பிரார்த்தனையைச் சொல்லும் பொது நாளாக இஸ்ரேலின் தலைமை ரபீமார் (யூத மதகுருமார்) இந்தப் பத்தாம் நாளைத்தான் வைத்தார்கள். கதிஷில் சாவு என்ற சொல்லே இல்லை, முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான்.

இதை வாசித்தபோது எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒருவர் ஞாபகம் வந்தார். 1990இல் வெளியே போன தகப்பன் திரும்பவில்லை. திதி தெரியாது, அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்கும் போகவில்லை. ஆடி அமாவாசைக்கு விரதம் இருந்து, கடலில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவார். படையலில் காத்தோட்டிக்காய் இருக்கும். சுவரில் தகப்பனின் படத்துக்குக் கீழே பிறந்த திகதி மட்டும் எழுதியிருக்கிறது, பக்கத்தில் ஒரு கோடு, அதற்குப் பிறகு வெற்றிடம்.