ஃபிட்ஸ்ராய், 1916 – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து பற்றிய உங்கள் கட்டுரையில், மெல்போர்னின் ஃபிட்ஸ்ராய் கிளப் 1916ல் கடைசி இடம் என்று ஒரு வரி இருக்கிறது. அதே ஆண்டு சாம்பியன் என்று இன்னொரு வரி. அச்சுப்பிழையா? அந்தக் கிளப் இன்று இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பிழை இல்லை, இரண்டும் நடந்தவைதான். போர்க்காலம் என்பதால் அந்த ஆண்டு லீக்கில் ஆட வந்தவை நான்கே கிளப்கள்: கார்ல்டன், காலிங்வுட், ரிச்மண்ட், ஃபிட்ஸ்ராய். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு நான்கு முறை மோதியது, மொத்தம் 12 ஆட்டம். ஃபிட்ஸ்ராய் 2ல் வென்று, 1ல் சமன் செய்து, 9ல் தோற்றது. வெற்றிக்கு 4, சமனுக்கு 2 என்று 10 புள்ளி, பட்டியலில் அடிமட்டம்.

ஆனால் இறுதிச்சுற்றுக்குப் போவது முதல் நான்கு அணிகள். இருந்ததே நான்குதான்! அரையிறுதியில் காலிங்வுட்டையும் அடுத்து கார்ல்டனையும் ஃபிட்ஸ்ராய் வீழ்த்தியது. அதோடும் முடியவில்லை. பட்டியலில் முதலிடம் பிடித்த அணி தோற்றால், இன்னொரு ஆட்டம் கேட்கும் உரிமை அன்றைய விதியில் உண்டு. கார்ல்டன் கேட்டது, மறுபடியும் தோற்றது: 12.13 (85) – 8.8 (56).

இந்த எண்களைப் படிக்கும் முறை இது. இரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. உயரக் கம்பத்துக்கும் பக்கத்துக் குட்டைக் கம்பத்துக்கும் இடையே போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. 12 கோலுக்கு 72, கூட 13, ஆக 85.

1883ல் தொடங்கிய கிளப் அது. இந்த லீக்கில் மொத்தம் 8 பட்டங்கள், கடைசிப் பட்டம் 1944ல். அதன் சரிவுக்குக் கடனையே எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். கடன் உண்மைதான். ஆனால் வேர் அதற்கும் முன்னால், பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் மைதானத்தை 1966 சீசனோடு விட்டதில் இருக்கிறது என்பேன். ஒரு பேட்டையின் கிளப்புக்கு அந்தப் பேட்டையின் மைதானம்தான் உயிர். பிறகு பிரின்சஸ் பார்க், ஜங்ஷன் ஓவல், விக்டோரியா பார்க், மறுபடி பிரின்சஸ் பார்க், வெஸ்டர்ன் ஓவல் என்று 30 வருடம் வாடகை வீடு மாறுவதுபோல் மாறியது. இத்தனைக்கும் நடுவே, 1979ல் மெல்போர்ன் அணியை 190 புள்ளி வித்தியாசத்தில் அடித்தது! 1996 செப்டம்பர் 1 அன்று பெர்த்தில் ஃப்ரீமேண்டிலிடம் தோற்றது கடைசி லீக் ஆட்டம். அதன்பின் பிரிஸ்பேன் பேர்ஸோடு இணைந்து பிரிஸ்பேன் லயன்ஸ் ஆனது.

ஃபிட்ஸ்ராய் என்ற பெயர் 2009ல் அமெச்சூர் லீக்கில் திரும்பி வந்தது. ஆடுவது பழைய பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் மைதானத்திலேயே.