மெமரி கார்டுக்காக கொழுந்தன் மீது புகார் கொடுக்கலாமா?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம் மறுவாழ்வு முகாமில் இருக்கிறேன். 2009 மே 18 அன்று, போர் முடிந்த நேரத்தில், முல்லைத்தீவு பக்கம் வட்டுவாகலில் என் தம்பி இலங்கை ராணுவத்திடம் சரணடைந்தான். இன்றுவரை தகவல் இல்லை. அவன் போவதை என் கொழுந்தன் போனில் 40 நொடி வீடியோ எடுத்தார். மெமரி கார்டைக் குழந்தையின் துணியில் மறைத்து, போருக்குப் பின் எங்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாம் வழியாகக் கொண்டுவந்தது நான். 6 வருடம் முன்பு அதை வாங்கிக்கொண்டவர் இப்போது தர மறுக்கிறார். நகை விஷயத்தில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. என் போனில் ஒரு காப்பி இருக்கிறது. அதில் தேதி 2005 என்று காட்டுகிறது. லண்டனில் இருக்கும் சித்தி மகன், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேதியைத் திருத்தி, வெளிச்சம் கூட்டி, போர்க்குற்ற விசாரணைக்குக் கொடுப்பதாகச் சொல்கிறான். போலீசில் புகார் கொடுத்து கார்டை மீட்கலாமா? வீடியோவுக்கு 63 சான்றிதழ் வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி நகையைப் பற்றியும் கொழுந்தன் பேசிய பேச்சைப் பற்றியும் இருக்கிறது. வலி புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் அது எதற்கும் உதவாது. சட்டம் கேட்பது ஒன்றுதான்: அந்த 40 நொடியை எடுத்தது யார், அன்று முதல் இன்று வரை கார்டு யார் யார் கையில் இருந்தது? எடுத்தவர் அவர். காப்பாற்றிக் கொண்டுவந்தவர் நீங்கள். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால்தான் அது சாட்சியம்.

அதனால் புகார் வேண்டாம். ‘திருடிவிட்டார்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தீர்கள் என்றால், என்றோ ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த நகலை எடுத்து நீட்டுவார். “நீங்களே திருடன் என்று சொன்ன ஆளிடம் இத்தனை வருடம் இருந்த கார்டு. அவர் உள்ளே எதையும் மாற்றவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?” இதற்கு உங்களிடம் பதில் இருக்காது. தவிர, போலீஸ் கைப்பற்றினால் கார்டு வழக்குச் சொத்தாகிவிடும். என்னிடம் வழக்கு கொடுத்த கட்சிக்காரர் ஒருவரின் போன் அப்படிக் கட்டி வைத்த மூட்டையில் இரண்டு மழைக்காலம் கிடந்தது. திரும்பி வந்தபோது உள்ளே எதையும் படிக்க முடியவில்லை.

வெளிப்படையாகச் சொல்கிறேன், நகையை விட்டுக்கொடுத்து சமாதானமாகப் போங்கள். முகாமில் இரண்டு பேரும் மதிக்கும் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: சமாதானப் பேச்சில் கார்டையோ சாட்சி சொல்வதையோ நகையோடு முடிச்சுப் போடாதீர்கள். ‘நகை கொடுத்து சாட்சியை வாங்கினார்கள்’ என்ற பேச்சுக்கு அதுவே போதும். நகைத் தகராறு முதலில் தனியாக முடியட்டும். கார்டைப் பற்றி அப்புறம் பேசுங்கள்.

இப்போது தேதி. என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். பழைய போனில் பேட்டரியைக் கழற்றிப் போட்டால் கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதிக்குப் போய்விடும். உங்கள் 2005 அப்படி வந்திருக்கலாம். அது குறை, ஆனால் விளக்கக்கூடிய குறை. சித்தி மகன் அதை 2009 என்று மாற்றினால், அன்றைக்கே அது திருத்தப்பட்ட ஃபைல். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்பது அங்கே எடுபடாது.

பிரிட்டன் தொலைக்காட்சியான சேனல் 4 காட்டிய வீடியோவை நினைத்துப் பாருங்கள். கண்ணும் கையும் கட்டப்பட்டவர்களைச் சுடும் அந்தக் காட்சி 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பானதும் இலங்கை அரசு போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் நிபுணர்களை வைத்து ஆராய்ந்து, உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் சொன்னார். அப்போதும் விளக்க முடியாமல் நின்றவற்றில் ஒன்று, ஃபைலுக்குள் பதிவாகியிருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. போர் முடிந்தது மே மாதம். உலகமே பார்த்த வீடியோவுக்கே ஒரு தேதி இவ்வளவு தொல்லை கொடுத்தது. உங்கள் 40 நொடியில் திருத்திய தேதியோடு போய் நின்றால் என்ன ஆகும்?

சரியான நாளைக் காட்ட வேறு வழிகள் உண்டு. வீடியோவில் தெரியும் பாலம், நந்திக்கடல் தண்ணீர், நிழல் விழும் பக்கம், வானத்துப் புகை, இவற்றை அந்த நாட்களின் செயற்கைக்கோள் படங்களோடு வைத்து நிபுணர்கள் பார்ப்பார்கள். அதற்கு மூல ஃபைல் கை படாமல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது ஃபைலைச் சுருக்கி, உள்ளே இருக்கும் விவரங்களை உதறிவிடும். வெளிச்சம் கூட்டுவதும் வேண்டாம், யூடியூபும் வேண்டாம். வீடியோவில் சரணடைய வரிசையில் நிற்பவர்களின் உறவினர்கள் இன்னும் வன்னியில் இருக்கிறார்கள்.

63 சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மின்னணு ஆதாரத்தோடு நீதிமன்றத்தில் கொடுக்கும் சான்றிதழ் அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 63-ஆம் பிரிவு இந்திய நீதிமன்றங்களுக்கு. நாளை ஜெர்மனி போன்ற வெளிநாட்டில் வழக்கு நடந்தால், அங்குள்ள நீதிபதி அந்தத் தாளைக் கேட்கமாட்டார். ஆனால் அதில் எழுதும் ஹாஷ் எண், அதாவது ஃபைலின் கைரேகை போன்ற எண், எங்கும் பயன்படும். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். தடயவியல் தெரிந்தவரை வைத்து கார்டு முழுவதையும், அழித்தவை கிடக்கும் இடம் உட்பட, அப்படியே பிரதி எடுத்து அன்றே எண்ணைக் குறித்து வையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், இத்தனை வருடம் சும்மா கிடக்கும் கார்டு தானாகவே கெட்டுப்போகலாம். கம்ப்யூட்டர் கடையில் கொடுக்காதீர்கள். செருகியதும் ‘சரிசெய்யவா’ என்று விண்டோஸ் கேட்கும், பையன் ஆமாம் என்று தட்டிவிடுவான்.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் இலங்கையும் இந்தியாவும் சேராதவை, எனவே ஹேக்கில் உள்ள அந்த நீதிமன்றத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் வந்த 46/1 தீர்மானத்தின்படி, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கைக்கான ஆதாரங்களைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. பிற நாட்டு நீதிமன்றங்களில் நடக்கக்கூடிய வழக்குகளுக்காகவும்தான் அது. முதலில் அங்கே எழுதுங்கள். பார்க்கிற அமைப்புக்கெல்லாம் தனித்தனியாக வாக்குமூலம் எழுதிக் கொடுக்காதீர்கள். சரணடைந்த நேரம் ஒன்றில் காலை, இன்னொன்றில் மத்தியானம் என்று வந்தால், மறதி என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

கார்டு கைக்கு வந்ததும் போனில் போட்டுப் பார்க்காதீர்கள். புதிதாக எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் சின்னப் பூட்டு உள்ள அடாப்டரில் வைத்து, பூட்டைத் தள்ளி, ஒரு காகித உறையில் போட்டு ஒட்டுங்கள். ஒட்டிய மடிப்பின் மேல் நீங்களும் கொழுந்தனும் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுங்கள். வீடியோ எடுத்த அந்தப் பழைய போன் உயிரில்லாமல் எங்காவது கிடந்தால், அதையும் தூக்கி எறிய வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.