வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசியை வீட்டிலேயே பாதுகாப்பாகப் போட்டுக்கொள்வது எப்படி?

கேள்வியின் சாரம் இது: உங்களுக்கு மவுன்ஜாரோ க்விக்பென் (பேனா வடிவ ஊசிக் கருவி), அக்காவுக்கு வெகோவி பேனா. வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் அவசரமாகக் காட்டியது மனதில் நிற்கவில்லை, குத்தும்போது ஏதாவது தப்பாகிவிடுமோ என்று பயம்.

குத்துவதைப் பற்றிய பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். பேனாவில் மாட்டும் ஊசி வழக்கமாக 4 மி.மீ. நீளம்தான். தோலைத் தாண்டி அடியிலுள்ள கொழுப்பு வரை போகும், அதற்கு மேல் ஆழமில்லை. தவறுகள் பெரும்பாலும் குத்துவதற்கு முன்பும் பின்பும்தான் நடக்கின்றன: ஃபிரிட்ஜில், டோஸைப் படிப்பதில், காற்றை வெளியேற்றாமல் விடுவதில், ஒரு வாரம் தவறியதும் இரண்டாகப் போட்டுக்கொள்வதில். அதனால் அவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

முதலில் பெட்டியைப் படியுங்கள். மவுன்ஜாரோவில் இருப்பது டிர்செபடைட். 2.5 மி.கி.யில் தொடங்கி 4 வாரம், பிறகு 5 மி.கி.; அதற்கு மேல் டாக்டர் சொன்னால் மட்டும் 2.5 மி.கி. படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 4 வாரம் விட்டு, அதிகபட்சம் 15 வரை. வெகோவியில் இருப்பது செமாக்ளூடைட். 0.25, 0.5, 1, 1.7, 2.4 மி.கி. என்று 4 வாரத்துக்கு ஒரு படி. ஆரம்ப டோஸ் எடையைக் குறைப்பதற்கு அல்ல, குடலைப் பழக்குவதற்கு. முதல் மாதம் எடை இறங்கவில்லையே என்று தானாக அடுத்த படிக்குத் தாவினால் குமட்டலும் வாந்தியும்தான் மிஞ்சும். கடையில் '2.5 இல்லை, 5 இருக்கிறது' என்று கொடுத்தால் வாங்காதீர்கள். படி மாறும் மாதத்தில் பழைய பேனா ஃபிரிட்ஜிலேயே கிடந்தால் எது எது என்ற குழப்பம் வரும், அதை எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு மருந்துகள் இருப்பதால் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.

பேனாவை வைக்கும் இடம் 2 முதல் 8 டிகிரி. இதில்தான் நம் வீடுகளில் நிறைய மருந்து வீணாகிறது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் வைத்தால் மருந்து உறைந்துவிடலாம். உறைந்த மருந்து உருகிய பிறகு பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனாலும் பயன்படுத்தக் கூடாது. கதவு அடிக்கடி திறந்து மூடுவதால் அங்கே சூடு ஏறி இறங்கும். நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், பெட்டியோடு வைப்பதே சரி. கடையிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றுங்கள், பேனாவை நேராகத் தொடக் கூடாது.

திறந்த பேனாவை வெளியிலும் வைக்கலாம் என்று துண்டுச்சீட்டில் இருக்கும்: மவுன்ஜாரோ க்விக்பென் 30 நாள், வெகோவி 6 வாரம். ஆனால் அந்த அனுமதி 30 டிகிரிக்குள் இருந்தால் மட்டுமே. சித்திரை வைகாசியில் வேலூரிலோ மதுரையிலோ அறைச் சூடு அந்த அளவுக்குள் நிற்காது. பாதி தீர்ந்த பேனாவையும் ஃபிரிட்ஜிலேயே வைத்துவிடுங்கள். முதல் ஊசி போட்ட தேதியைப் பேனாவில் ஒட்டுத்தாள் போட்டு எழுதுங்கள். மவுன்ஜாரோ பேனாவில் 4 டோஸ். வாராவாரம் போட்டால் நான்காவது டோஸ் 21 நாள் கழித்து வரும். ஒரு வாரம் தவறினால் 28, தாங்கும். இரண்டு வாரம் தவறினால் 35, அதாவது ஃபிரிட்ஜில் இருந்தாலும் 30 நாள் கெடு தாண்டிவிட்டது.

இனி போடும் முறை. எந்த நேரமானாலும் சரி, சாப்பிட்டோ சாப்பிடாமலோ போடலாம். கிழமை மட்டும் மாறாமல் இருக்கட்டும். பேனாவை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் குளிர்ச்சியால் வரும் எரிச்சல் குறையும். வெந்நீரிலோ வெயிலிலோ சூடேற்ற வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மருந்தைப் பாருங்கள்: தெளிவாக இருக்க வேண்டும். டிர்செபடைட் லேசான மஞ்சளாக இருந்தாலும் பரவாயில்லை. கலங்கல், துகள் தெரிந்தால் அந்தப் பேனா வேண்டாம்.

ரப்பர் முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, புது ஊசியை நேராக வைத்துத் திருகுங்கள். சாய்த்துத் திருகினால் ஊசி வளைந்து மருந்து இறங்காது. ஊசிக்கு இரண்டு மூடிகள் உண்டு. வெளிமூடியைக் கழற்றும்போது பத்திரப்படுத்துங்கள், பிறகு வேண்டும். உள்மூடியையும் கழற்ற வேண்டும்; அதை மறந்துவிட்டுக் குத்தி, 'வலிக்கவே இல்லை' என்று மகிழ்கிறவர்களும் உண்டு. மருந்து உள்ளே போயிருக்காது.

அடுத்தது காற்றை வெளியேற்றிப் பார்ப்பது. இரண்டு பேனாவுக்கும் முறை வேறு. க்விக்பென்னில் ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு செய்ய வேண்டும்: குமிழை 2 கிளிக் திருப்பி, ஊசி மேல்நோக்கி இருக்க, அழுத்தி 5 எண்ணும்வரை பிடியுங்கள். நுனியில் துளி வர வேண்டும். வராவிட்டால் இன்னும் இரண்டு முறை செய்யலாம். அப்போதும் வராவிட்டால் ஊசியை மாற்றுங்கள். வெகோவியில் புதுப் பேனாவின் முதல் ஊசிக்கு முன்பு மட்டும் செய்தால் போதும். ஒவ்வொரு வாரமும் செய்தால் கடைசி டோஸுக்கு மருந்து பற்றாது. சிறு காற்றுக்குமிழி ஒன்றிரண்டு உள்ளே தங்கினால் கவலை வேண்டாம். தோலடியில் போடும் ஊசியில் அது ஆபத்தில்லை.

டோஸ் வைப்பதிலும் வேறுபாடு இருக்கிறது. க்விக்பென்னில் குமிழ் நிற்கும்வரை திருப்பினால் ஜன்னலில் '1' என்று வரும். அது 1 மி.கி. அல்ல, ஒரு முழு டோஸ். வெகோவியில் மில்லிகிராம் அளவே தெரியும். குமிழ் பாதியில் நின்றால் முழு டோஸுக்கு மருந்து இல்லை என்று பொருள். மிச்சத்தையும் போட வேண்டாம், குறைவதைப் புதுப் பேனாவிலிருந்து நிரப்பவும் முயல வேண்டாம்.

இடம்: தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வயிறு, அல்லது தொடையின் முன்பக்கம். மேற்கையின் பின்புறம் என்றால் வேறொருவர் போட்டுவிடட்டும். வாரத்துக்கு வாரம் இடத்தை மாற்றுங்கள். தழும்பு, கட்டி, காயம் இருக்கும் இடத்தைத் தவிர்க்கவும். ஸ்பிரிட்டால் துடைத்தால் அது உலர்ந்த பிறகே குத்துங்கள், ஈரத்தோடு குத்தினால்தான் எரிகிறது. நேராக, 90 டிகிரியில் குத்தி, கட்டைவிரலால் கடைசிவரை அழுத்துங்கள். ஜன்னலில் 0 வந்த பிறகும் ஊசியை உருவாமல் நிதானமாக எண்ண வேண்டும்: க்விக்பென்னுக்கு 5, வெகோவிக்கு 6. மருந்து முழுதும் இறங்கச் சில நொடி ஆகும். சட்டென்று உருவினால் ஒழுகிவிடும். உருவிய பிறகு ஒரு சொட்டு வெளியே தெரிவதும், துளி ரத்தம் வருவதும் சாதாரணம். பஞ்சால் அழுத்துங்கள், தேய்க்காதீர்கள்.

ஒருவேளை நிறைய ஒழுகிவிட்டது, டோஸ் போனதா போகவில்லையா தெரியவில்லை என்றால்? மறுபடி போடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். டிர்செபடைட்டின் அரை ஆயுள் (உடலில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம்) ஏறத்தாழ 5 நாள், செமாக்ளூடைட்டுக்கு ஒரு வாரம். குறைந்த டோஸால் ஒரு வாரம் பசி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இரட்டை டோஸ் போய்விட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை, வாந்தியும் நீர்வறட்சியும் நாள்கணக்கில் இழுக்கும். அப்படிப் போட்டுவிட்டது உறுதியானால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

முடிந்ததும் வெளிமூடியை வைத்து ஊசியைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே ஃபிரிட்ஜில் வைத்தால் மருந்து கசியும், காற்று ஏறும், அடுத்த வாரம் ஊசி அடைத்திருக்கும். ஒரு ஊசி ஒரு முறைதான். நான்கு டோஸ் முடிந்த க்விக்பென்னில் கொஞ்சம் மருந்து தெரியும். அது காற்றை வெளியேற்றுவதற்காக வைத்த உபரி. சிரிஞ்சால் உறிஞ்சி ஐந்தாவது டோஸ் எடுக்க வேண்டாம்: அளவும் தெரியாது, கிருமி புகவும் வழி.

குப்பியாக வாங்குகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு முதலில் குப்பியாகத்தான் வந்தது. ஒரு குப்பி ஒரு டோஸ், 0.5 மி.லி. இங்கே பெரிய பொறி இன்சுலின் சிரிஞ்சு. நம் ஊர்க் கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். சிவப்பு மூடி யு-40 (1 மி.லி.க்கு 40 யூனிட்), அதில் 0.5 மி.லி. என்பது 20வது கோடு. ஆரஞ்சு மூடி யு-100 (1 மி.லி.க்கு 100 யூனிட்), அதில் 0.5 மி.லி. 50வது கோடு. 'இருபது யூனிட் போடு' என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு யு-100 சிரிஞ்சில் 20 எடுத்தால் போவது 0.2 மி.லி., பாதிக்கும் குறைவு. பல டோஸ் அடங்கிய குப்பியானால் தவறு எதிர்ப்பக்கமாகப் போய் இரண்டரை மடங்கு ஏறிவிடலாம். ஆகவே யூனிட் பேச்சையே விட்டுவிட்டு, மி.லி. குறித்த 1 மி.லி. சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். சிரிஞ்சு ஊசி 4 மி.மீ.யைவிட நீளமாக இருந்தால் தோலை லேசாகக் கிள்ளிப் பிடித்துக் குத்துங்கள்.

நாள் தவறினால்: மவுன்ஜாரோவுக்கு 4 நாளுக்குள் நினைவு வந்தால் உடனே போடலாம், தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான கிழமையில் தொடருங்கள். வெகோவிக்கு 5 நாள் வரை. கிழமையை மாற்ற விரும்பினால் இரண்டு ஊசிக்கு நடுவில் முழுதாக 3 நாளாவது இருக்கட்டும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தவறியிருந்தால் பழைய டோஸுக்கு நேராகத் திரும்பாமல் டாக்டரிடம் பேசுங்கள், கீழ்ப்படியிலிருந்து தொடங்கச் சொல்லக்கூடும்.

முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த மருந்தே கூடாது. கணையம் முன்பு வீங்கியிருந்தால், பித்தப்பைக் கல் இருந்தால், சர்க்கரையால் விழித்திரை பாதித்திருந்தால் சொல்ல வேண்டும். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கு அவற்றின் அளவைக் குறைக்காவிட்டால் லோ சுகர் வரலாம். கருத்தரிக்கத் திட்டமிடுகிறவர்கள் செமாக்ளூடைட்டை 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். தொடங்கிய பிறகும், ஒவ்வொரு டோஸ் உயர்வுக்குப் பிறகும் 4 வாரம் வேறு தடுப்பு முறை வேண்டும். எண்டோஸ்கோபியோ அறுவை சிகிச்சையோ வந்தால் மயக்க மருந்து டாக்டருக்கு இந்த ஊசியைப் பற்றித் தெரிய வேண்டும். இரைப்பை மெல்லக் காலியாவதால் பட்டினி இருந்தும் உள்ளே உணவு தங்கியிருக்கலாம்.

போட்ட பிறகு குமட்டல், மலச்சிக்கல், ஏப்பம் எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவைதான். கொஞ்சமாகச் சாப்பிட்டு, எண்ணெயைக் குறைத்து, தண்ணீர் குடித்தபடி இருந்தால் பலருக்குத் தணியும். ஆனால் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் விடாத வலி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, முகமோ தொண்டையோ வீங்கி மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு. அவசரம் என்றால் 108.

அக்காவும் நீங்களும் நாளை ஒரே மருந்துக்கு மாறினாலும் ஒரு பேனாவைப் பகிர வேண்டாம். ஊசியை மாற்றினாலும் ரத்தம் பேனாவுக்குள் பின்வாங்கியிருக்கலாம், மஞ்சள் காமாலைக் கிருமிகள் அப்படித் தொற்றும். விலையைப் பார்த்து இந்தச் சேமிப்பில் இறங்குகிற குடும்பங்களின் கஷ்டம் புரிகிறது. அதற்கு டாக்டரிடம் மலிவான மாற்று கேட்பதுதான் வழி. இணையத்தில் பொடியாக விற்கும் 'பெப்டைடு' பக்கமும் போகாதீர்கள். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி ஓசெம்பிக் (இதுவும் செமாக்ளூடைட்தான்) தொகுதிகள் பற்றி எச்சரித்திருக்கிறது. பில் போட்டு, பெட்டியிலும் பேனாவிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று பார்த்து, குளிர்ச்சியோடு தருகிற கடையில் வாங்குங்கள்.

கழற்றிய ஊசியைக் குப்பைக் கவரில் போட்டால் மறுநாள் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை, திருகு மூடியோடு, இதற்கென்றே வையுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, டேப் ஒட்டி, 'ஊசி' என்று பெரிதாக எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு ஊசிகளை அபாயக் கழிவாகவே வகைப்படுத்தின. ஆகவே சாதாரணக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள், அல்லது நீங்கள் பார்க்கும் மருத்துவமனையில் அவர்களுடைய ஊசிக் கழிவோடு சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.