போர்ச்சுகலின் ஃபாடோ இசையை இன்றும் யாராவது கேட்கிறார்களா?

நன்றாகவே கேட்கிறார்கள். லிஸ்பனின் அல்ஃபாமா, மொராரியா சந்துகளில் உள்ள ஃபாடோ விடுதிகளில் இரவுச் சாப்பாட்டுக்கு நடுவே விளக்கை மங்கலாக்குவார்கள், பேச்சு அடங்கிவிடும். பாடும் பெண்ணின் தோளில் கறுப்புச் சால்வை. பக்கத்தில் 12 கம்பி போர்ச்சுகீசிய கித்தார் அவள் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும். அந்த உரையாடல்தான் ஃபாடோவின் உயிர் என்பேன். இழந்ததை நினைத்து உருகும் 'சௌதாதே' என்ற ஏக்கம் அதன் அடிநாதம்.

சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சியோடு சேர்த்துப் பார்க்கப்பட்டதால், அந்த ஆட்சிமுறையைக் கவிழ்த்த 1974 புரட்சிக்குப் பிறகு கொஞ்ச காலம் ஃபாடோவின் மவுசு குறைந்திருந்தது. ஆனாலும் 1999-இல் புகழ்பெற்ற ஃபாடோ பாடகி அமாலியா ரோட்ரிக்ஸ் இறந்தபோது நாடே 3 நாள் துக்கம் அனுசரித்தது. அப்புறம் மொசாம்பிக்கில் பிறந்து மொராரியாவில் வளர்ந்த மரிசா போன்ற பாடகர்கள் ஃபாடோவை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார்கள். 2011-இல் யுனெஸ்கோவின் கலாச்சார மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது.