ரிசல்ட்டுக்காக லேபைப் பூட்டச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

குறிஞ்சிப்பாடி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருக்கும் வாசகி கேட்டிருக்கிறார்: "ரிவ்யூ மீட்டிங் போய்விட்டு வந்த ஹெச்.எம்., இனிமேல் பத்தாம் வகுப்புக்கு லேப் வேண்டாம், தினமும் ஸ்லிப் டெஸ்ட் என்ற குட்டித் தேர்வு, மெல்லக் கற்போருக்குப் பாஸாகும் அளவுக்கு மட்டும் சுருக்கிய மினிமம் மெட்டீரியல், அது போதும் என்கிறார். இந்த நேரம் பார்த்து பி.எட். மாணவி ஒருவரை என்னிடம் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு நான் எதைச் சொல்லிக்கொடுப்பது? புதுச்சேரியில் பாகூர் பக்கம் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய அரசுப் பள்ளியில் இருக்கும் என் தங்கை, அங்கே இந்தத் தொல்லை இல்லை என்கிறாள். நிஜமா?"

டீச்சர், முதலில் ஹெச்.எம். மேல் கோபப்பட வேண்டாம். சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்பவர் அவர்தான். அங்கே கேட்பது தேர்ச்சி விழுக்காடு. எத்தனை பிள்ளைகள் லென்சைக் கையில் பிடித்துப் பார்த்தார்கள் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. பள்ளியை எதை வைத்து அளக்கிறார்களோ அந்தப் பக்கம்தான் பாடவேளையும் சாயும், இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை.

நம் பத்தாம் வகுப்பு அறிவியலில் அது எப்படிச் சாய்கிறது என்று கணக்காகவே பார்க்கலாம். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15, மொத்தத்தில் 35 வேண்டும். செய்முறை மதிப்பெண் எந்தப் பள்ளியிலும் பெரிதாகக் குறைவதில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான், அதனால் உண்மையான வாசல் எழுத்தில் அந்த 20. ஒரு மதிப்பெண் கேள்விகள் 12, கூட நாலு இரண்டு மதிப்பெண் கேள்வி, ஆக 20, கதை முடிந்தது. மினிமம் மெட்டீரியல் என்று ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதெல்லாம் இந்தக் கூட்டல் கணக்கிலிருந்து பிறந்ததுதான். லேபுக்குப் போனாலும் போகாவிட்டாலும் 25 வந்துவிடும் என்றால் லேபைத் திறக்க ஹெச்.எம்.முக்கு என்ன அவசரம், சொல்லுங்கள்?

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்திலும் பள்ளியில் வைத்தே மதிப்பிட்ட செய்முறை மதிப்பெண்கள் எல்லாம் மேலே போய்க் குவிந்துவிட்டன, யார் செய்தார் யார் செய்யவில்லை என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதனால் 2016இல் கற்பிக்கத் தொடங்கிய புதிய ஜி.சி.எஸ்.இ. (அங்கே பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வு) பாடத்திட்டத்தில் செய்முறைக்கான தனி மதிப்பெண்ணையே எடுத்துவிட்டு, கட்டாயம் செய்ய வேண்டிய சோதனைகள் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 விழுக்காடு மதிப்பெண்ணுக்கு அந்தச் சோதனைகளைப் பற்றியே கேட்கிறார்கள். சோதனையைச் செய்யாமல் செய்முறையை மனப்பாடம் செய்துவிட்டுப் போகும் குறுக்கு வழி அதிலும் உண்டுதான், என்றாலும் லேப் நேரத்துக்கும் எழுத்துத் தேர்வுக்கும் ஒரு முடிச்சு விழுந்தது. அந்த முடிச்சை அரசாணை எதுவும் இல்லாமலே உங்கள் வகுப்பில் நீங்கள் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் என் யோசனை.

ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம், திருப்புத்திறன்களின் தத்துவத்தை (சமநிலையில் இரு பக்கமும் எடை × தூரம் சமம்) வைத்து ஒரு பொருளின் எடையைக் காண்பது. இதற்கு லேப்கூட வேண்டாம், ஒரு மீட்டர் அளவுகோல், நூல், 100 கிராம் எடைக்கல், மைதானத்தில் பொறுக்கிய கருங்கல் துண்டு போதும். அளவுகோலை நடுவில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, கல்லை ஒரு பக்கம் 20 செ.மீ. தூரத்தில் மாட்டினால், மறுபக்கம் எடைக்கல் 30 செ.மீ.யில் போய் நின்றதும் அளவுகோல் கிடைமட்டமாகிறது. அப்படியானால் கல் 150 கிராம். எங்கே தடுக்கும் என்றால், பாதிப் பிள்ளைகள் தூரத்தை நூல் கட்டிய இடத்திலிருந்து அளக்காமல் அளவுகோலில் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே எழுதிவிடுவார்கள். விடை கன்னாபின்னா என்று வரும். அப்போது நீங்கள் சொல்லிவிடாதீர்கள், பக்கத்து பெஞ்சுக்காரனே "எங்கிருந்துடா அளந்த?" என்று கேட்பான். இந்த இடத்தில் புரிந்தவனுக்கு, கனரக வாகனத்தின் திருகு மறைகளை முடுக்க நீளமான கைப்பிடி உள்ள திருகுக்குறடு ஏன் என்ற கேள்விக்கு விடை மனப்பாடம் தேவையில்லை, தத்துவத்தைக் கூறி நிறுவு என்று வந்தாலும் எழுதுவான்.

மறுநாள் ஸ்லிப் டெஸ்ட்டையும் இதிலேயே வையுங்கள். ஸ்லிப் டெஸ்ட்டை நான் எதிர்க்கவே இல்லை, அடிக்கடி சின்னச் சின்னதாகச் சோதிப்பது ஞாபகத்துக்கு நல்லதுதான். கோளாறு கேள்வியில் இருக்கிறது. "திருப்புத்திறன் வரையறு" என்பதோடு "நூலை 50இல் கட்டாமல் 40இல் கட்டினால் அளவுகோல் எந்தப் பக்கம் சாயும், ஏன்?" என்றும் ஒன்று கேளுங்கள். ஹெச்.எம். கேட்டது கிடைத்துவிடும், உங்களுக்கு வேண்டியதும் நடந்துவிடும்.

அவரிடம் பேசப் போகும்போது அறிவியல் மனப்பான்மை பற்றியெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். காலாண்டு விடைத்தாள்களை எடுத்து, எழுத்தில் 15க்கும் 25க்கும் நடுவே நிற்கும் பிள்ளைகள் யார், அவர்கள் எந்தக் கேள்வியை விட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விட்டவற்றில் படம், கணக்கு, காரணம் கூறும் கேள்விகள்தான் நிறைய இருக்கும் என்பது என் ஊகம். "இந்த இடங்களுக்கு மட்டும் வாரம் ரெண்டு பீரியட் லேபில் எடுக்கிறேன் சார்" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார், அவர் கையிலும் மீட்டிங்கில் காட்ட ஒரு தாள் வேண்டுமே.

காலமும் முக்கியம். நம் கடலூர் மாவட்டத்தில் அக்டோபர் பிறந்தால் மழை, புயல், கலெக்டர் லீவு, எது எப்போது என்று சொல்ல முடியாது. அடுத்த ஆண்டிலிருந்து சோதனைகளின் பெரும்பகுதியை ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் பாடத்தோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாவற்றையும் அள்ளிப் போடுவதற்குப் பெயர் லேப் இல்லை.

அடுத்து, உங்கள் பி.எட். மாணவி. எனக்கு இதுதான் பெரிய கவலை. 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக ஆனதே, பள்ளியில் கூடுதல் காலம் இருந்து தொழிலைப் பழக வேண்டும் என்பதற்காகவும்தான். இரண்டாம் ஆண்டில் மட்டும் பள்ளியில் 16 வாரம். அந்த 16 வாரமும் லீவு போட்ட ஆசிரியரின் பீரியடுக்குப் போவதும், ஸ்லிப் டெஸ்ட் தாள் திருத்துவதும், இ.எம்.ஐ.எஸ். என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றத்துக்கு உதவுவதுமாகக் கழிந்தால், அறிவியல் கற்பிப்பது என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு அவர் வேலைக்கு வருவார். லெசன் பிளானில் "செயல்பாடு" என்ற கட்டத்தை மட்டும் அழகாக நிரப்புவார். ஒரு பள்ளியில் லேப் பூட்டியிருந்தால் அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு நஷ்டம். பயிற்சி ஆசிரியர் பூட்டிய லேபைப் பார்த்துப் பழகிவிட்டால் அவர் பணிக்காலம் முழுக்க நஷ்டம்.

ஆனால் அவர் வந்தது உங்களுக்கு ஒரு வசதி. வகுப்பில் 40 பேர் இருந்தால் 20 பேர் அவரோடு சோதனை செய்யட்டும், 20 பேருக்கு நீங்கள் ஸ்லிப் டெஸ்ட் வையுங்கள், மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பை அவரிடம் விட ஹெச்.எம். தயங்கினால் 6 முதல் 9 வரை இருக்கிறது, அங்கே ரிசல்ட் கெடுபிடி குறைவு. 2022இல் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அரசின் அறிவியல், கணிதச் செயல்பாட்டுத் திட்டத்தின் பொருள்கள் 6, 7, 8ஆம் வகுப்புகளுக்காகவே வந்தவை, பீரோவில் இருந்தால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பாடம் முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை எங்கே தடுமாறியது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள், கரும்பலகை எழுத்து எப்படி இருந்தது என்பதை வேறு யாராவது சொல்லிக்கொள்வார்கள்.

தங்கை சொல்வது பாதி நிஜம். புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் நம் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, அங்கே பத்தாம் வகுப்பு அறிவியலில் சூழலைக் கொடுத்து யோசிக்க வைக்கும் திறன்சார் கேள்விகளுக்குப் பாதி இடம். நல்ல விஷயம். ஆனால் அங்கே எழுத்துக்கு 80, அக மதிப்பீட்டுக்கு 20, அந்த இருபதிலும் செய்முறைக்கு 5 தான்! நமக்கு 25 இருந்தும் அது தானாக வந்துவிடுகிறது, அவர்களுக்குக் கேள்வித்தாள் நன்றாக இருந்தும் லேபுக்கு மதிப்பெண் இல்லை. போதாக்குறைக்கு, பல ஆண்டு சமச்சீர் புத்தகத்தை எடுத்துப் பழகிய ஆசிரியர்கள் சீக்கிரமே புதிய புத்தகத்துக்கு மாற வேண்டியிருந்தது. தங்கையிடம் கேட்டுப் பாருங்கள், ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்ற சி.பி.எஸ்.இ. விதியில் எத்தனை மணி நேரம் கையில் பொருளோடு நடந்தது என்று.

தேர்வு வைத்துப் பள்ளியைக் கேள்வி கேட்கும் பொறுப்புக்கூறலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தனியார் பள்ளிகள் பல பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் தாண்டிப் பன்னிரண்டுக்குப் போனதால்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது, பிள்ளைகளுக்கு அது சுமை என்று 2025-26இல் எடுத்தும்விட்டார்கள். பழைய பழக்கம் திரும்புமா என்பதைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதப் படிக்க அந்த மாணவிக்கு நேரம் கொடுக்கலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். படிக்கட்டும், வேலைக்கு அது வேண்டும். ஆனால் அது 150 கொள்குறி வினாக்கள், அதில் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60, வீட்டிலேயே படித்துவிடலாம். அளவுகோலில் நூல் கட்டும்போது 40 பிள்ளைகளைச் சமாளிப்பதை வீட்டில் படிக்க முடியாது, அதனால் பள்ளி நேரத்தில் கைடு புத்தகத்தைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.